ஆலோசகர் வரட்டும்... இன்னொரு டீச்சர் எப்போது?

காலை பத்து மணி. தூத்துக்குடி மாவட்டத்தில் வைப்பாறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய கீழவைப்பார் போன்ற கடற்கரை ஊர்களில் அதற்குள் பாதி நாள் முடிந்துவிடும். கடலுக்குப் போன நாட்டுப்படகு கரை திரும்பியிருக்கும். மீன் ஏலம் போயிருக்கும். கூடையோடு விற்கப் போகிற பெண்கள் பஸ் ஏறியிருப்பார்கள். உப்பள வேலைக்காரர்கள் விடியுமுன்பே கிளம்பியிருப்பார்கள். இவர்களின் மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகள் அங்கன்வாடிப் பாயில் உட்கார்ந்திருக்கும். ஊர்ப் பெரியவர்களுக்கு அது இன்றைக்கும் 'பால்வாடி'தான்.

அறையில் டீச்சர் ஒருவர், சமையலுக்கு ஆயா ஒருவர். டீச்சர் கையில் ஸ்மார்ட்போன். சத்துமாவு வாங்க ஒரு கர்ப்பிணி வாசலில் நிற்கிறார். அவர் முகத்தைப் போனில் படம்பிடித்துச் சரிபார்த்தால்தான் கணக்கில் ஏறும். சிக்னல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எடை பார்க்க ஒரு கைக்குழந்தை காத்திருக்கிறது. உள்ளே உலை கொதிக்கிறது, முட்டையை எண்ணிக் கொடுக்க வேண்டும். கதை எப்போது என்று ஒரு பிள்ளை டீச்சரின் முந்தானையைப் பிடித்து இழுக்கிறது. இதோ, இதோ என்று சொல்லியே பத்தரை ஆகிவிடுகிறது.

பிள்ளைகளின் மனம் தெளிந்து, எதையும் பிடித்துக்கொள்ளத் தயாராக இருக்கும் அந்த அரை மணி நேரம் நாடு முழுக்க இப்படித்தான் கைநழுவிப் போகிறது. இதைச் சரிசெய்ய அரசுகள் கையில் எடுக்கும் வழிகளில் ஒன்று, முன்பருவக் கல்வி ஆலோசகர் நியமனம். குழந்தைக் கல்வி படித்த, களம் கண்ட ஒருவரை ஒப்பந்தத்தில் அமர்த்தி, பாடத்திட்டம் எழுதவும் பயிற்சி கொடுக்கவும் திட்டத்தைக் கண்காணிக்கவும் வைப்பது.

தேவையான பதவிதான். ஆனால் தலைநகரில் அமரும் ஆலோசகரால் கீழவைப்பார்ப் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது.

---

எண்ணிக்கையில் அங்கன்வாடி

• ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது.

• தமிழ்நாட்டில் 54,439 மையங்கள். இவற்றில் 49,499 முதன்மை மையங்கள், 4,940 குறு மையங்கள். மொத்தம் 434 வட்டாரங்கள்.

• 2025-இல் 7,783 காலியிடங்களை நிரப்ப அரசு முடிவெடுத்தது: பணியாளர்கள் 3,886, குறு மையப் பணியாளர்கள் 305, உதவியாளர்கள் 3,592.

• புதிதாகச் சேரும் பணியாளருக்கு முதல் 12 மாதங்கள் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். உதவியாளருக்கு 4,100 ரூபாய்.

• 2 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் 3 முட்டை.

---

ஆலோசனை கேட்பது புதிதல்ல

குழந்தைக் கல்விக்கு நிபுணரை நாடும் வழக்கம் இங்கே நெடுங்காலமாக உண்டு. 1939 நவம்பரில் இத்தாலியரான மரியா மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்தார். பிரம்மஞான சபையின் அழைப்பு அது. தோட்டத்தில் ஓலைக் கொட்டகைகள் போட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. மறு ஆண்டு இத்தாலி போரில் குதித்ததும் அவர் எதிரி நாட்டவர் ஆனார்; ஊர் திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் தங்கிப் பணியைத் தொடர்ந்தார். 1946-இல் அவர் கிளம்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி முடித்திருந்தார்கள். ஆனால் அந்த முறை ஏழைப் பிள்ளையின் வாசலுக்கு வரவில்லை. பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளோடு நின்றுவிட்டது.

ஏழைப் பிள்ளைக்கான வடிவத்தைத் தேடியவர்கள் தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும். 1945-இல் பம்பாய்க்கு வடக்கே போர்டி என்ற கடலோர ஊரில் தொடங்கி, பிள்ளைகள் இருக்கும் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார்கள். அங்கன்வாடி என்ற எண்ணம் பிறந்தது அங்கேதான்.

அதை நாட்டின் திட்டமாக்கியதில் ஒரு தமிழ்ப் பெண்ணின் பங்கு பெரிது. எழுத்தாளர் கிருத்திகாவின் மகள் மீனா சுவாமிநாதன். பள்ளி வயதை எட்டாத குழந்தைகளின் வளர்ச்சி பற்றி ஆராய மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம் அமைத்த குழுவுக்கு அவர் தலைவர். சத்துணவு, மருத்துவம், கல்வி மூன்றையும் பிரிக்காமல் ஒரே இடத்தில் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும் என்று 1972-இல் வந்த அந்த அறிக்கை வலியுறுத்தியது. மூன்றே ஆண்டுகளில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் பிறந்தது. 2022-இல் மறையும் வரை குழந்தைகள் காப்பகம், முன்பருவக் கல்வி என்றே உழைத்தவர் அவர். நல்ல ஆலோசனை ஒரு நாட்டையே மாற்றும் என்பதற்கு நம் கண்முன் இருக்கும் சான்று இது.

இருந்தும் அவர் சொன்ன மூன்றில் உணவு நின்றது, மருத்துவம் நின்றது, கல்வி பின்னுக்குப் போனது. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பசியைத் துரத்தியது. அந்த வெற்றியில் மையத்தின் அடையாளமே சாப்பாடாகிவிட்டது. 2018-இல் மத்திய அரசு தொடங்கிய போஷன் அபியான் திட்டத்திலும் மாநில அளவிலான ஒப்பந்த ஆலோசகர்களின் பணிகள் ஊட்டச்சத்து, நிதி, கொள்முதல், கண்காணிப்பு என்றே அமைந்தன. 2023 மே மாதம் 'போஷன் பீ, படாயீ பீ' என்ற முழக்கத்தோடு, ஊட்டச்சத்தோடு படிப்பும் வேண்டும் என்று டெல்லி அறிவித்தது. தினமும் குறைந்தது 2 மணி நேரம் தரமான முன்பருவக் கல்வி என்பது அதன் இலக்கு. அதற்காகப் பணியாளருக்குக் கொடுக்கப்படுவது மூன்று நாள் பயிற்சி.

இரண்டு மணி நேரம் எங்கிருந்து வரும்? வேலைப் பட்டியலில் இருந்து ஒரு வரியும் குறையவில்லையே!

2,381 வகுப்புகள் கற்றுக்கொடுத்தது

அரசுப் பள்ளியிலேயே எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்ற கனவு 2019 ஜனவரியில் நனவானது. நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடிகளில் இந்த வகுப்புகள் தொடங்கின. பெற்றோர் வரவேற்றார்கள், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சேர்ந்தார்கள்.

கற்பிக்க யாரை அனுப்புவது என்ற இடத்தில்தான் சிக்கல். தொடக்கப் பள்ளிகளில் உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அனுப்பினார்கள். ஒன்று முதல் ஐந்து வரை நடத்தப் பயின்றவர்கள் அவர்கள். மூன்று வயதுப் பிள்ளையின் உலகம் வேறு. அதற்கான பயிற்சி தங்களுக்கு இல்லை, இது பதவி இறக்கம் என்று பலர் நீதிமன்றம் போனார்கள். வகுப்பு தொடங்கும் முன்பே, குழந்தைக் கல்வி தெரிந்த ஒருவர் கோப்பில் கை வைத்திருந்தால் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டிய எச்சரிக்கை அது.

2022 ஜூன் மாதம், அந்த ஆசிரியர்கள் தொடக்க வகுப்புகளுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். எல்.கே.ஜி., யு.கே.ஜி. நிறுத்தம் என்ற செய்தி வந்தது. எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களிலேயே வகுப்புகள் தொடரும் என்று பள்ளிக்கல்வித் துறை அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி அறிவித்தார். தொடர்ந்து, தற்காலிகச் சிறப்பு ஆசிரியர்களை அமர்த்த ஆணை வந்தது. மதிப்பூதியம் மாதம் 5,000 ரூபாய்.

நூறு நாள் வேலைக்கும் உப்பளக் கூலிக்கும் போகிறவர்கள்கூட இந்தத் தொகையைத் தங்கள் நாள்கூலியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். டிப்ளமா முடித்த ஒரு பெண் எத்தனை மாதம் அங்கே நிற்பார்? அவர் போனதும் அடுத்தவர் வருவார். பிள்ளை மறுபடி ஒரு புது முகத்தைப் பழக வேண்டும். மூன்று வயதுக் குழந்தைக்குப் பாடமே முதலில் அந்த முகம்தான்.

தூத்துக்குடிக் கடற்கரைக்கு இதில் இன்னொரு இழப்பும் உண்டு. திட்டம் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களை நம்பியது. இந்தக் கரையின் பல ஊர்களில் பிள்ளைகள் படிப்பதோ தலைமுறை தலைமுறையாகத் திருச்சபைகள் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகளில். அந்த ஊர் அங்கன்வாடிக்கு எல்.கே.ஜி. என்ற பலகை வர வழியே இல்லாமல் போனது. சென்னையில் வரைந்த விதி, கடற்கரையின் நடப்பைக் கேட்காமல் வரையப்பட்டது.

---

ஒரு ராணியின் காலணிப் பணம்

தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு 1542-இல் வந்தவர் பிரான்சிஸ் சவேரியார். தமிழ் தெரியாது. உள்ளூர்க்காரர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கைமணியை அடித்துக்கொண்டே தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். அவர் சொல்லிக்கொடுத்தது மதப் பாடம். ஆனால் அவர் செய்த ஏற்பாடு இன்றைய திட்டமிடுவோர் கவனிக்க வேண்டியது. தான் ஊர் ஊராகப் போய்விடுவோம் என்று தெரிந்ததால், ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். உள்ளூர் ஆள், பிள்ளைகளைத் தினமும் கூட்டிச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. அதற்குச் சம்பளம் வேண்டுமே? இந்தக் கரையிலிருந்து போர்ச்சுகல் ராணி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று ஆண்டுதோறும் போய்க்கொண்டிருந்த 4,000 பணத்தை (அக்கால நாணயம்) ராணியிடமே கேட்டு வாங்கி, அந்த ஆசிரியர்களின் ஊதியமாக்கினார்.

---

320 மையங்களில் கிடைத்த விடை

இன்னொரு ஆள் வந்தால் உண்மையில் என்ன மாறும்? அலெஜாண்ட்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள் இதைத் தமிழ்நாட்டிலேயே சோதித்தார்கள். நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்தார்கள். குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் கூடுதலாக ஓர் உள்ளூர்ப் பெண் அரைநாள் பணிக்கு அமர்த்தப்பட்டார். வேலை ஒன்றே ஒன்று: பிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வி. பயிற்சி சுமார் ஒரு வாரம். சம்பளம் ஏற்கெனவே இருக்கும் பணியாளருடையதைவிடக் குறைவு.

ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்த மையங்களில் பிள்ளைகளோடு செலவான கற்பித்தல் நேரம் இரு மடங்காகியிருந்தது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். மொழியில் முன்னேற்றம் இன்னும் கூடுதல். ஆய்வாளர்கள் கண்ட இன்னொரு மாற்றம் அதைவிட முக்கியம். பாடச் சுமை குறைந்ததால் பழைய டீச்சருக்கு எடை பார்க்கவும், வீடு போய்ப் பார்க்கவும், பதிவேட்டை முடிக்கவும் நேரம் கிடைத்தது. அந்த மையங்களில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைகளும் குறைந்தார்கள். பாடத்துக்கு வந்த ஆள் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் கூட்டினார்!

செலவுக்கு எத்தனை மடங்கு பலன்? 13 முதல் 21 மடங்கு வரை என்று அவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1960-களில் நடந்த பெர்ரி முன்பருவப் பள்ளி ஆய்வைத்தான் உலகம் முழுக்க உதாரணம் காட்டுவார்கள். ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளை நாற்பது வயது வரை பின்தொடர்ந்த ஆய்வு அது. முன்பருவக் கல்வி பெற்றவர்கள் வேலையிலும் வருமானத்திலும் மேலே நின்றார்கள். அங்கேயும் வேலை செய்தது, சில பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற ஏற்பாடும், வாரந்தோறும் ஆசிரியர் வீட்டுக்கே போய்த் தாயோடு உட்கார்ந்ததும்தான்.

சிப்பிக் குவியலில் ஒரு கணக்கு வகுப்பு

அப்படியென்றால் ஆலோசகர் வேண்டாமா? வேண்டும். ஆள் கிடைத்தால் போதாது, அந்த ஆள் என்ன செய்கிறார் என்பதும் இருக்கிறது. முன்பருவக் கல்வி என்றதும் பல இடங்களில் நடப்பது 'அ, ஆ' எழுத வைப்பதும் ஏ, பி, சி, டி ஒப்பிக்க வைப்பதும். விரல் எலும்பு முற்றாத பிள்ளையின் கையில் பென்சிலைத் திணிப்பது கல்வி ஆகாது.

கடற்கரைப் பிள்ளைகள் முன் ஒரு குவியல் சிப்பியையும் சங்கையும் சோழியையும் கொட்டுங்கள். பெரிதை ஒரு பக்கம், சிறிதை ஒரு பக்கம் பிரிக்கச் சொல்லுங்கள். முதலில் எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும் பிள்ளை, கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்து உற்றுப் பார்க்கத் தொடங்கும். நடுத்தர அளவில் ஒரு சிப்பி கையில் வந்ததும் திகைக்கும். இதை எங்கே வைப்பது? இரண்டு குவியலையும் பார்த்து, பக்கத்துப் பிள்ளையோடு வாதாடி, மூன்றாவதாக ஒரு குவியல் போடும். அந்தத் திகைப்பில்தான் கணக்கு தொடங்குகிறது. வழுவழுப்பு, சொரசொரப்பு, வரி, சுழி என்று சொற்கள் கூடுகின்றன. 'சிப்பிக்கு ஒரு சோழி' என்று ஒன்றோடொன்று இணைத்து வைத்தால் எண்ணின் பொருள் விரலுக்குப் புரிகிறது. காசு செலவில்லை. ஆனால் எப்போது குறுக்கிட வேண்டும், எப்போது வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்று டீச்சருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதைப் புத்தகம் அனுப்பிக் கற்பிக்க முடியாது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் உண்டு. மாதத்துக்கு ஒரு கருப்பொருள், பாட்டு, கதை, விளையாட்டு என்று நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டது. மாநிலம் முழுமைக்கும் பொதுவான அதை மலையில் உள்ள கூடலூருக்கு வேறாகவும் கீழவைப்பாருக்கு வேறாகவும் விரித்தெடுக்க டீச்சருக்குத் துணை வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து செய்துகாட்டி, அடுத்த மாதம் வந்து பார்த்து, மறுபடி செய்துகாட்டும் துணை. நல்ல ஆலோசகரின் வேலை இதுதான். இதைச் செய்யும் மேற்பார்வையாளர்களை வட்டாரந்தோறும் உருவாக்குவதுதான்.

சுமை யார் தலையில்?

மையத்தில் பாடம் நடக்கவில்லை என்று தெரிந்ததும் பெற்றோர் முதலில் தேடுவது நர்சரிப் பள்ளி வேனை. ஊருக்குள் வேன் வரத் தொடங்கினால், கையில் கொஞ்சம் காசிருக்கும் வீட்டுப் பிள்ளைகள் போய்விடுவார்கள். கடலில் பாடு இல்லாத மாதங்களிலும் கட்டணம் கட்டியாக வேண்டும்; நகை அடகுக்குப் போகும். கல்வி உரிமைச் சட்டம் தொடங்குவது ஆறு வயதில். அதற்கு முந்தைய வயதுக்கு 'அரசு முயற்சி செய்யும்' என்ற அளவில்தான் அரசியல் சட்டத்தின் 45-ஆவது பிரிவு நிற்கிறது. முயற்சி எந்த அளவுக்கு என்று வழக்குப் போட்டுக் கேட்க முடியாத இடத்தில் பெற்றோர் தாங்களே பணம் கட்டிக்கொள்கிறார்கள்.

காசில்லாத வீட்டுப் பிள்ளை மையத்திலேயே இருக்கும். அந்தப் பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கு வரும்போது, வேனில் போன பிள்ளையைவிட இரண்டு ஆண்டு பின்னால் இருக்கும். கொரோனாவுக்குப் பிறகு 2022-இல் எடுத்த ஏசர் என்ற கல்விநிலைக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. அந்த ஆண்டே அரசு 'எண்ணும் எழுத்தும்' இயக்கத்தைத் தொடங்கியது, முன்னேற்றமும் வந்தது. ஆனால் அது தொடங்குவது ஒன்றாம் வகுப்பில். பள்ளிக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் வேறு துறையின் கையில், சமூக நலத்துறையின் கீழ் இருக்கின்றன. இரண்டு துறைகளையும் ஒரே மேசையில் உட்கார வைக்க இன்றைக்கு யாரும் இல்லை.

டீச்சரின் பாடும் சொல்ல வேண்டியது. போஷன் டிராக்கர் செயலி, தடுப்பூசி நாள், வீட்டுப் பார்வை, வாக்குச்சாவடி நிலை அலுவலர் பணி, காலியிடம் இருக்கும் பக்கத்து மையத்தின் கூடுதல் பொறுப்பு. இத்தனைக்கும் நடுவே 'பாடம் ஏன் நடத்தவில்லை' என்று கேட்கும் ஆய்வுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

---

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

• ஆலோசகர் அங்கன்வாடியிலோ தொடக்கப் பள்ளியிலோ பிள்ளைகளோடு வேலை செய்தவராக இருக்க வேண்டும். தமிழில் பேசி, தமிழிலேயே அறிக்கை எழுத வேண்டும்.

• மாதத்தில் பாதி நாள் மையங்களில். மலை, கடற்கரை, நகரக் குடியிருப்பு மூன்றுக்கும் தனித்தனியாகக் கள வேலை.

• பாடத்திட்டம், பயிற்சி, பிள்ளைகளின் முன்னேற்றத்தை அளக்கும் முறை மூன்றும் ஒரே பொறுப்பில்.

• டீச்சரின் வேலைப் பட்டியலில் எதை நீக்கலாம் என்ற பரிந்துரை முதல் மூன்று மாதத்துக்குள்.

• சமூக நலத்துறை, பள்ளிக்கல்வித் துறை இரண்டுக்கும் பதில் சொல்லும் பொறுப்பு.

• அறிக்கையைப் பொதுமக்கள் படிக்க வெளியிட வேண்டும்.

---

பணம் இருக்கிறதா?

49,499 முதன்மை மையங்களுக்கும் ஆளுக்கு மாதம் 8,000 ரூபாய் வீதம் கூடுதல் டீச்சர் ஒருவரை அமர்த்தினால், ஆண்டுக்கு ஆகும் செலவு ஏறத்தாழ 475 கோடி ரூபாய். பெரிய தொகைதான். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளின் காலை உணவுத் திட்டத்துக்கு 2024-25 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு ஒதுக்கியது 600 கோடி. வேண்டும் என்று நினைத்தால் இந்த மாநிலத்தால் முடியும். நாட்டுக்கே வழிகாட்டிய வரலாறும் உண்டு.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். காலியிடங்களை நிரப்புவது முதல் வேலை. கூடுதல் டீச்சர், அதுவும் அந்த ஊர்ப் பெண், கௌரவமான சம்பளத்தில் வருவது அடுத்த வேலை. அவர்களுக்குத் துணை நிற்கவே ஆலோசகர். இந்த வரிசை தலைகீழானால் ஆலோசகரின் அறிக்கை அலமாரிக்குப் போகும், டீச்சர் கையில் இன்னொரு படிவம் வந்து சேரும்.

வாசகர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் பிறந்த அக்டோபர் 2, தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாளும்கூட. உங்கள் ஊர் அங்கன்வாடியில் எத்தனை பணியிடம் காலி, தினமும் எவ்வளவு நேரம் கற்பித்தல் நடக்கிறது, கூடுதல் டீச்சர் எப்போது என்று மூன்று கேள்விகளை அன்று எழுந்து கேளுங்கள். கூடுதல் டீச்சர் வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள்.